மூச்சு மெஷின்

ஹபீப் முஹம்மதுவின் தாடிக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது.

ஜரீனா குனிந்து காதை வைத்துக் கேட்டாள். சந்தேகமே இல்லை, விசில்தான். திண்டிவனம் பஸ் கிளம்பும்போது கண்டக்டர் கொடுக்கும் அதே விசில்.

"என்னங்க, நீங்களா ஊதுறீங்க?"

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருந்த ரப்பர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு ஹபீப் சொன்னார்: "நான் எங்க ஊதுறேன்? அதுதான் என்னை ஊதுது."

மெத்தைக்குப் பக்கத்தில், தையல் மெஷின் மூடி அளவில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் கிளம்பி ரப்பர் கிண்ணத்தில் வந்து சேர்ந்தது. பெட்டி காற்றை ஊதும். அந்தக் காற்று தொண்டைக்குள் போய், தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் ஹபீபுடையது இருபது வருஷத்துத் தாடி. கிண்ணத்தின் விளிம்பு அதன் மேல் உட்காராமல் வழுக்கியது. தொண்டைக்குப் போக வேண்டிய காற்று தாடி வழியாக ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டது.

ஹபீப், மரக்காணத்தில் தேவநாதன் என்பவரின் உப்பளத்தில் மேஸ்திரி. எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ, உடம்பில் சர்க்கரை வேறு. தங்கமான மனுஷர், யாரையும் அதட்டியதில்லை. அதட்ட ஆரம்பித்தாலும் வாக்கியம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். வரப்பில் உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம். சோற்றை எடுத்த கை வாய்க்குப் போகிற வழியிலேயே தூக்கம். போன மாசத்தில் மொபெட் ஓட்டிக்கொண்டே தூங்கி, வண்டியோடு பாத்திக்குள் இறங்கிவிட்டார். கணுக்கால் அளவு தண்ணீரில் விழுந்தும் எழுந்திருக்காமல் இன்னும் ஐந்து நிமிஷம் தூங்கினார் என்று உப்பு வாரும் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் அது லாரி வருகிற ரோடாக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க முடியாது.

ஜரீனா சிரிக்கவில்லை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரைப்பையில் பின் போட்டுச் சின்னதாக்கும் ஆபரேஷன் புதிதாகச் செய்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, புருஷனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சர்ஜன் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், செய்துவிடலாம் என்றார். குறுக்கே வந்து நின்றவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் லிடியா.

லிடியா ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. ஹபீபை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஜரீனாவிடம் ஏதோ கேட்கத் தொடங்கினார். திரும்பிப் பார்த்தால் ஹபீப் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குறட்டை நின்றது. லிடியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஹபீப் ஒரு உலுக்கலோடு மூச்சை இழுத்தபோதுதான் கையைக் கீழே இறக்கினார்.

"நாப்பது செகண்டு" என்றார். "தூக்கத்துல இவருக்கு மூச்சு நிக்குதும்மா. ராத்திரியில எத்தனை தடவை இப்படி நிக்குது?"

ஜரீனா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியலைங்க டாக்டரம்மா. படுத்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவ படுத்தா கட்டைங்க" என்று ஹபீப் பெருமையாகச் சொன்னார். "இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா. நிக்காஹ் ஆன நாள்லேருந்து பதினஞ்சு வருஷமா அப்படித்தான். என் குறட்டைக்கு வேற பொம்பளையா இருந்தா என்னிக்கோ ஓடிப் போயிருப்பா."

அவர் பாராட்டித்தான் சொன்னார். ஜரீனாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

லிடியா சர்ஜனின் சீட்டை ஓரமாக வைத்தார். "ஆபரேஷனுக்குத் தூங்க வெக்கறதும் என் வேலை, எழுப்பறதும் என் வேலை. இவரைத் தூங்க வெக்க நான் எதுக்கு? நாற்காலி போதும். எழுப்பறதுக்குத்தான் எனக்கு பயமா இருக்கு. இந்த மூச்சைச் சரி பண்ணாம நான் மருந்து குடுக்க மாட்டேன்."

ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தபோது அவர் அந்தக் காற்றுப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு வாரம் ஹபீப் அதை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ராத்திரி மூச்சு ஒழுங்காக ஓடினால் பகல் தூக்கம் தானாகப் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து இதே நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். தூங்காமல் உட்கார்ந்திருந்தால் ஆபரேஷன் உண்டு, தூங்கினால் கிடையாது. ஆறு வாரத்துக்கு அப்புறம் சர்ஜன் வெளிநாடு போகிறார், திரும்பி வர ஒரு வருஷம் ஆகும்.

"ஒரு வருஷம் இவர் இப்படியே தாங்குவாருங்களா?" என்று ஜரீனா கேட்டாள்.

லிடியா பெட்டியைத் தூக்கி அவள் கையில் வைத்தார். ஜரீனாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அழுதாள். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன் ராத்திரி பூரா மூச்சுக்குத் தவித்திருக்கிறான், பதினைந்து வருஷம் அது தெரியாமல் தூங்கியிருக்கிறோமே என்று அழுதாள். ஹபீப் இரண்டு சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்ததால் சமாதானம் சொல்ல ஆள் இல்லை. செங்கல்பட்டு தாண்டியதும் மூக்கைச் சிந்திப் போட்டாள். மதுராந்தகத்தில் வேர்க்கடலை வாங்கினாள். திண்டிவனத்தில் இறங்கும்போது, இந்தப் பெட்டியை வேலை செய்ய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவளுடைய ஜாதகமே அப்படி. அழுகைக்கு ஒரு ஊர், அதற்கு மேல் வேலைதான். இன்னொரு முடிவும் எடுத்தாள்: கட்டை மாதிரி தூங்குகிறவள்தான், ஆனாலும் இனி ஒரு ராத்திரிகூட அவர் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

இப்படி வந்த பெட்டிதான் இப்போது தாடிக்குள் விசிலடித்தது.

ஜரீனா யோசித்தாள். ஒழுகுகிற பாத்திரத்துக்கு என்ன செய்வோம்? பிரியாணி தம் போடும்போது மூடியைச் சுற்றி மாவு ஒட்டுவோம். சப்பாத்தி மாவைப் பிசைந்து கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒட்டினாள். விசில் சட்டென்று நின்றது. ஹபீப் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

விடிந்து பார்த்தால் மாவு காய்ந்து தாடியும் கிண்ணமும் ஒன்றாகியிருந்தன. இழுத்தால் ஹபீப் கூடவே வந்தார். போதாததற்கு எறும்பு வேறு.

பக்கத்து வீட்டு அந்தோணிதாஸ் உப்பளத்தில் எஞ்சின் மெக்கானிக். கையில் ஸ்பானரோடு ஓடி வந்தான்.

"ஸ்பானர் எதுக்குண்ணே?" என்றாள் ஜரீனா.

"எதுவா இருந்தாலும் கழட்டறதுக்கு இதுதாம்மா என்கிட்ட இருக்குது."

கடைசியில் வெந்நீரும் கத்திரிக்கோலும்தான் உதவின. கிண்ணம் பாதித் தாடியோடு கழன்றது. மீதித் தாடியைப் பற்றிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கப் போனார் ஹபீப்.

"மருத்துவத்துக்காக எடுக்கறதுக்கு என்ன பாய்? உயிர் முக்கியம். எடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க" என்றார் ஹஜ்ரத். அப்புறம் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில மட்டும் கொஞ்சம் முழிச்சிருங்க" என்றும் சொன்னார்.

மழமழவென்ற முகத்தோடு ஹபீப் உப்பளத்துக்குப் போனார். உப்பு வாரும் பெண்கள் அவரை உள்ளே விடவில்லை.

"யாருங்க நீங்க? மேஸ்திரி இன்னும் வரல" என்றாள் வசந்தா.

"ஏம்மா, நான்தான் மேஸ்திரி. உங்க எல்லாரையும் எனக்கு நல்லா..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹபீபின் தலை மார்பில் சாய்ந்தது.

"அட, நம்ம பாய்!" என்று வசந்தா கூவினாள்.

இரண்டு வாரம் முடிந்தது. தாடி இல்லாத கன்னத்தில் கிண்ணம் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு பொட்டுக் காற்று வெளியே வரவில்லை. ஆனால் மெட்ராஸ் நாற்காலியில் ஹபீப் ஒன்பதாவது நிமிஷம் தூங்கிவிட்டார். சும்மா தூங்கவில்லை, போராடித் தூங்கினார். கண்ணை அகலமாக விரித்தார், உதட்டைக் கடித்தார், எதிரே இருந்த காலண்டரில் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பதினேழாம் தேதி வரைக்கும் அவரால் வர முடிந்தது.

"சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று லிடியா கேட்டார்.

ஜரீனா அதைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி மாவு மில் மாதிரி சத்தம் போட்டது உண்மைதான். அன்று சாயங்காலமே அந்தோணிதாஸ் நீளமான ஒரு ரப்பர் குழாயைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டி, பெட்டியை ஜன்னலுக்கு வெளியே சுவர் ஓரமாக வைத்தான். மழை வந்தால் நனையாமல் மேலே தகரம் சாய்த்தான். சத்தம் வெளியே, காற்று உள்ளே.

"இதுக்கு மேல பாய் தூங்கலேன்னா நான் மெக்கானிக்கே இல்ல" என்றான்.

மறுநாள் காலை ஹபீப் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சுறாக் கருவாடு இருக்குதா?"

"காலங்காத்தாலயா?"

"ராத்திரி பூரா கனவுல கருவாட்டுக் கொழம்புதான் ஜரீனா. தட்டு வருது, சோறு வருது, பிசையறேன், முழிப்பு வந்துடுது."

அன்றைக்குச் சுறா. மறுநாள் நெத்திலி. அதற்கு மறுநாள் வாளை. சர்க்கரைக்காரருக்கு இரண்டு தட்டுச் சோறு எப்படிக் கொடுப்பது என்று ஜரீனா மறுத்தால், பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் மனசு கேட்காமல் சுவர் மேலாக ஒரு கிண்ணம் நீட்டினாள். அவள் அந்தோணிதாஸின் மனைவி. கடலோரத்து அனுமந்தையில் பிறந்தவள், கருவாட்டில் கை தேர்ந்தவள். ஊரில் யார் பசி என்றாலும் அவளுக்குத் தாங்காது.

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஜரீனா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அந்தோணிதாஸ் சாய்த்து வைத்த தகரத்தைப் பார்த்ததும் இன்னாசியம்மாளுக்கு வசதியாகப் போயிருந்தது. தகரத்தின் மேலேயும் கீழேயும் கருவாடு. பெட்டி காற்றை உறிஞ்சுகிற ஓட்டைக்கு நேராக ஒரு கூடை நெத்திலி. ராத்திரி எட்டு மணி நேரம் ஹபீபுக்குக் கருவாட்டு வாசனையை நெஞ்சு நிறைய ஏற்றியிருந்தார்கள்.

"இது பாயோட மெஷினா?" என்றாள் இன்னாசியம்மாள், வாயில் கையை வைத்துக்கொண்டு. "சீக்கிரமா காயுதேன்னு நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேனே!"

இரண்டாவது தடவை நாற்காலியில் ஹபீப் பதினோரு நிமிஷம் தாக்குப் பிடித்தார். அதற்கு முன்னால் எடை பார்த்தார்கள்.

"மூணு கிலோ ஏறியிருக்கு" என்றார் லிடியா. "மெஷின்ல காத்துதானே வருது?"

"கருவாடுங்க" என்றாள் ஜரீனா. மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு லிடியா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இன்னும் ரெண்டே வாரம்தாம்மா இருக்கு. உங்க ஊர்ல வோல்டேஜ் எப்படி?"

அந்தக் கேள்வியை அந்தோணிதாஸிடம் வந்து சொன்னதும் அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். மரக்காணத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பல்பு எரிகிறதா என்று பார்க்கவே டார்ச் லைட் அடிக்க வேண்டும். பெட்டி எப்படி முழுசாக ஊதும்?

உப்பளத்து ஷெட்டில் டீசல் எஞ்சின் இருந்தது. பகலில் பெல்ட் மாட்டி பம்பை ஓட்டி உப்பங்கழித் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றும். ராத்திரியில் அது சும்மாதான் இருக்கிறது. பம்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு டைனமோவை மாட்டினால் கரண்ட் நின்று விளையாடும் என்றான் அந்தோணிதாஸ். முதலாளி தேவநாதனிடம் போய்க் கேட்டார்கள்.

தேவநாதன் முன்கோபி. ஆனால் ஹபீபை அவருக்குப் பிடிக்கும். "பண்ணிக்கோங்க. இந்த மனுஷன் முழிச்சிருந்தா எப்படி வேலை செய்வாருன்னு நானும் சாகறதுக்குள்ள ஒரு தடவை பாக்கணும்" என்றார்.

ஷெட்டில் மெத்தை விரித்தார்கள். ஜரீனாவும் கூடவே போய்ப் படுத்தாள். எஞ்சின் சத்தத்தில் பேய்கூடத் தூங்காது, ஜரீனா தூங்கினாள். உப்புக் காற்று, கொசு, டீசல் புகை எதையும் அவள் பொருட்படுத்தவில்லை. வீட்டில் மெத்தையில் படுக்க வேண்டியவள் புருஷனுக்காக எஞ்சின் பக்கத்தில் வந்து கிடக்கிறாளே என்று உப்பு வாரும் பெண்கள் அவளைப் பார்த்து உருகினார்கள். உருக வேண்டிய விஷயம்தான். ஆனால் ஹபீப் பகலில் அதே மாதிரிதான் தூங்கி வழிந்தார்.

ஒன்பதாவது நாள் அந்தோணிதாஸுக்கு பெருமுக்கலில் ஒரு கல்யாணம். "பாய், சாயங்காலம் அந்தப் பம்பு பெல்ட்டை மட்டும் கழட்டிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஹபீப் பெல்ட்டில் கை வைத்தார். ஒரு நிமிஷ வேலை முடிந்த நிலையில் தூக்கம் வந்துவிட்டது. ஜரீனா வந்து அவரைத் தட்டி மெத்தைக்குக் கூட்டிப்போய், கிண்ணத்தை மாட்டி, எஞ்சினை ஓட விட்டாள். பெல்ட் கழற்றியாயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

எஞ்சின் டைனமோவையும் ஓட்டியது, பம்பையும் ஓட்டியது.

மறுநாள் காலை உப்பு வார வந்த பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஒரு வாரம் வெயிலில் விளைந்து, இன்றைக்கு வார வேண்டிய ஏழு பாத்தியும் குளமாகக் கிடந்தது. உப்பு கரைந்து போயிருந்தது. ஒரு கொக்கு மட்டும் வந்து நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேவநாதன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னய்யா இது? நேத்து சாயங்காலம் உப்பு இருந்துச்சே! ஏழு பாத்தி! வெள்ளை வெளேர்னு இருந்துச்சே! உன்னை நம்பி ஷெட்டைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நீ தூங்கறதுக்கு என் அளம் கரையணுமா?"

ஹபீப் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பணிவைப் பார்த்து தேவநாதனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அப்புறம்தான் குறட்டை கேட்டது.

தேவநாதன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். குறட்டை நின்றது. எல்லோரும் ஹபீபையே பார்த்தார்கள். மூச்சு வரவில்லை. உதடு நீலம் பாய்கிற மாதிரி இருந்தது. ஜரீனா பாய்ந்து வந்து உலுக்கினாள். ஹபீப் பெரிதாக மூச்சை இழுத்து, "மன்னிச்சிடுங்க முதலாளி, சொல்லுங்க" என்றார்.

தேவநாதனின் கோபமெல்லாம் போய்விட்டது. "உப்பு கெடக்கு. ஒரு வாரம் வெயில் அடிச்சா மறுபடி வெளையும். ஏம்மா, இந்த மனுஷனை மொதல்ல மெட்ராஸ் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். அன்றைக்கே தெரிந்தவர் ஒருவரின் காரையும் பிடித்துக் கொடுத்தார். சும்மா கத்துகிறவர்களில் இப்படிச் சிலர் உண்டு.

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. லிடியா இந்தத் தடவை நாற்காலியைக் காட்டவில்லை. "இன்னைக்கு ராத்திரி இங்கேயே படுங்க. எங்க கரண்ட், எங்க ரூம். காத்தும் சுத்தமான காத்து" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஹபீபைப் பார்த்து முனகியதால் மெத்தையைத் தரையில் போட்டார்கள். பக்கத்தில் துணைக்கு ஜரீனா. ராத்திரி பூரா கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி வார்டு ஆயா சவரியம்மாளை வாசல் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

காலையில் ஹபீப் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறாவது நிமிஷம் தூங்கினார்.

லிடியா பெட்டியைத் திறந்து பார்த்தார். குழாயை ஊதிப் பார்த்தார். கிண்ணத்தைத் தன் முகத்திலேயே மாட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மெஷின் ராத்திரி பூரா நிற்காமல் ஓடியதா என்று கேட்டதற்கு சவரியம்மாளும் ஓடியது என்றாள். அவர் மேஜையில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தபோது, ஒரே நாளில் பத்து வயசு கூடினவர் மாதிரி தெரிந்தார்.

"கோளாறு எங்கேன்னு இன்னைக்குத் தெரிஞ்சாக்கூட போதும்மா. சர்ஜன்கிட்ட நான் பேசி, அவர் பயணத்தையே பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லுவேன். அதுக்குள்ள சரி பண்ணிடலாம். ஆனா எங்கேன்னே தெரியாம நான் என்னன்னு பேசறது? மெஷினை அடுத்த ஆளுக்குக் குடுத்துத்தான் ஆகணும்."

ஜரீனா எழுந்து நின்றாள். ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"மெஷினைச் சொல்லாதீங்க டாக்டரம்மா. கோளாறு என்கிட்டதான். இவரு கண்ணாடி பாத்ததில்ல, எடை பாத்ததில்ல. பாத்துக்க வேண்டியவ நான்தானே? பக்கத்துல மனுஷன் மூச்சு நின்னு கெடக்கறப்போ, பதினஞ்சு வருஷமா கட்டை மாதிரி தூங்கியிருக்கேன். இந்த ஆறு வாரமும் முழிச்சிருக்கணும்னு காபி மேல காபியா குடிச்சேன். பத்து மணி அடிச்சா கண்ணு சொருகிடுது. நேத்துகூட உங்க ஆஸ்பத்திரியிலயே நான் தூங்கிட்டேன். நானெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டு விழித்த ஹபீப், என்ன ஏது என்று புரியாமல், பெரிய கையை நீட்டி அவள் தோளைத் தட்டினார்.

"அழாதம்மா" என்றார் லிடியா. "உன் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ஆரம்பத்துலேருந்து ஒண்ணுதான் புரியலை. இவ்வளவு நேரம் மூச்சு நிக்கற ஒரு ஆளு, எந்த வைத்தியமும் இல்லாம, இத்தனை வருஷம் எப்படி உயிரோட இருந்தாரு?"

வாசலில் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த சவரியம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சவரியம்மா? இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"இந்தம்மாவா கட்டைங்கறீங்க?" சவரியம்மாள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். "ராத்திரி பூரா நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மெஷின் நல்லாத்தான் ஓடிச்சு, அய்யாவுக்குக் குறட்டையே இல்ல. ஆனா குறட்டைச் சத்தம் கேக்கலேன்னா போதும், இந்தம்மா கண்ணைத் தொறக்காமலே, தூக்கத்துலயே, கால் நீட்டி ஒரு ஒதை விடுது. அவரு தூக்கிவாரிப் போட்டு மூச்சை இழுத்துக்கறாரு. மறுபடி கண்ணு அசந்தா மறுபடி ஒதை. முந்நூறு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எனக்கே கை ஓஞ்சு போச்சு."

லிடியா மெல்ல எழுந்தார். ஜரீனா முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள். ஹபீப் தன் மனைவியை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். சவரியம்மாள் டம்ளர்களை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அவருக்குப் பதினஞ்சு வருஷமா ஒரு மூச்சு மெஷின் பக்கத்துலயே படுத்துக்கிட்டு இருக்குது, நீங்க வேற இன்னொண்ணைக் குடுத்தனுப்பியிருக்கீங்க; ரெண்டும் ஒண்ணா ஓடினா மனுஷன் எப்பத்தான் டாக்டரம்மா தூங்குவாரு?"